யாழ்ப்பாணரும் பாடினியாரும்



நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் ஒரு நாள், பத்தாம் வகுப்பில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும் ஊர் ஊராகச் சென்று யாழிசைத்துப் பாடியதையும், இறுதியில் இருவரும் திருஞானசம்பந்தரோடு சோதியில் கலந்தனர் என்று மரபு கூறுவதையும் சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, இருவரும் சேர்ந்தே பாடினார்கள், சேர்ந்தே நடந்தார்கள், சேர்ந்தே முத்தியடைந்தார்கள் என்று சொன்னீர்கள். அறுபத்துமூன்று நாயன்மாரில் கணவர் பெயர் மட்டும் இருக்கிறது. மனைவியார் பெயர் ஏன் இல்லை?"

என்னிடம் விடை ஆயத்தமாக இல்லை. நல்லவேளையாக மணி அடித்தது. "நாளை சொல்கிறேன்" என்று கூறிவிட்டுப் புறப்பட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் பாடம் வேறு திசையில் போயிற்று. அந்த மாணவி மீண்டும் கேட்கவில்லை. ஆனால் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அவளுக்கு அன்று சொல்லாமல் விட்ட விடையைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் இவ்வரலாறு நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்பதைத் தெளிவு செய்துகொள்வோம். சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 642-ஆம் ஆண்டில் வாதாபியை வென்ற பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனின் காலமே அவர் காலம். யாழ்ப்பாணரும் பாடினியாரும் அவரோடு உடன் சென்றவர்கள். பின்வந்த சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் பாணரின் பெயரைச் சேர்த்துப் பாடினார். அவ்வரலாற்றை விரித்து உரைப்பவர் 12-ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ 500 ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆகையால் பெரியபுராணத்தில் உள்ள ஒவ்வொரு நிகழ்ச்சியையும் கண்ணால் கண்டார் சாட்சியாகக் கொள்ள இயலாது. அதற்காக அதை வெறும் கதை என்று ஒதுக்கிவிடவும் வேண்டா. அதை எவ்வாறு படிப்பது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

பாணர் என்போர் யார்? பண் பாடுவோர் பாணர். அவர்தம் குலத்துப் பெண்டிர் பாடினி எனவும் விறலி எனவும் அழைக்கப்பெற்றனர். கணவன் யாழைத் தோளில் சுமந்து முன்னே நடக்க, மனைவி உடன் நடக்க, சுற்றத்தார் முழவும் பிற இசைக்கருவிகளும் தூக்கிப் பின்தொடர, காடும் மலையும் கடந்து புரவலரை நாடிச் சென்ற கூட்டத்தினர் அவர்கள். பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய நான்கு நூல்களும் இத்தகைய கலைஞரின் வழிப்பயணத்தையே பொருளாகக் கொண்டவை.

கணவனும் மனைவியும் ஒரே அரங்கில் இசைப்பது அக்குலத்தில் புதுமையன்று. புறநானூற்றில் பேய்மகள் இளவெயினி என்னும் பெண்பாற் புலவர் பாடிய பாட்டு ஒன்று உண்டு. சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் வெற்றியைப் பாடினி பாடினாள். அவளுக்குப் பொன்னணிகள் கிடைத்தன. அவள் குரலுக்கு இயையப் பாடிய பாணனுக்கு வெள்ளி நாரில் தொடுத்த பொற்பூ கிடைத்தது. இச்செய்தியில் ஒரு சிறு நுட்பம் உண்டு. முதலிற் பாடுபவள் பாடினி. அவள் குரலைத் தழுவிச் செல்பவன் பாணன். பரிசிலும் முதலில் அவளுக்கு, பின்னரே அவனுக்கு. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தமிழகத்து அரசவையில் இம்முறை வழங்கியது என்பதை மறவாதீர்கள்.

பரிசில் பெற்ற நாள் இப்படியானால், பெறாத நாள் எப்படி? அதையும் சங்கப் புலவர் மறைக்கவில்லை. நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு கலைஞர் வீட்டின் அடுக்களை காட்டப்படுகிறது. கூரை சரிந்த சமையலறை. கறையான் அரித்த சுவர். அதில் பூத்த காளான். ஈன்றணிய நாய், கண் திறவாத குட்டிகள் பாலில்லா முலையைப் பற்றி இழுப்பதைப் பொறாமல் குரைக்கிறது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவரே என்னும் நாணத்தால் கதவைச் சாத்திவிட்டுத் தன் சுற்றத்தோடு உண்கிறாள். அரண்மனை வாயிலில் பொற்பூச் சூடும் குடும்பம், தன் வீட்டு வாயிலைத் தானே அடைத்துக்கொண்டு கீரை உண்ணும் குடும்பமும் ஆகும். வறுமை அவர்களுக்கு இருந்தது. ஆயினும் இழிவு இல்லை. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கையும் சிறந்த குடிகளாக மாங்குடி கிழார் புறநானூற்றில் எண்ணுகிறார்.

இனி அவர்கள் கையிலிருந்த கருவியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டுகளில் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் மெட்டு இல்லை. நரம்பு ஒன்றுக்குச் சுரம் ஒன்று. ஆகவே நரம்புகள் பலவாக வேண்டும். சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் பேரியாழுக்கு 21 நரம்புகளும், சகோட யாழுக்கு 14 நரம்புகளும், செங்கோட்டி யாழுக்கு 7 நரம்புகளும் கூறுகிறார். யாழ்ப்பாணரைச் சேக்கிழார் சகோட யாழ்த் தலைவர் என்கிறார். யாழின் ஒலி இனியது; துல்லியமானது. ஆயினும் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்வதும், இரண்டுக்கும் இடையே நின்று அசைவதும் யாழுக்கு அரிது. மனிதக் குரலுக்கோ எளிது. நரம்பு சுருதியைக் காக்கும். குரல் நரம்பால் இயலாத வளைவுகளை நிரப்பும். ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். பாணனும் பாடினியும் இணைந்தே சென்றதற்கு இல்லறம் மட்டும் காரணமன்று. இசையும் காரணம் என்று இதனால் அறிகிறோம்.

இப்பொழுது நம் கதைக்கு வருவோம். திருநீலகண்டப் பெரும்பாணர் பிறந்த ஊர் திருஎருக்கத்தம்புலியூர். விருத்தாசலத்துக்கு அருகே இராசேந்திரப்பட்டினம் என்று இன்று வழங்கும் ஊரே அது. சோழ நாட்டுத் தலங்களில் யாழிசைத்த பின்னர் அவர் மதுரைக்குச் சென்றார். ஆலவாய்க் கோயிலின் வாயில்முன் நின்று வாசித்தார். உள்ளே செல்லவில்லை. அன்றிரவு தொண்டர்தம் கனவில் இறைவன் தோன்றிப் பாணரை உள்ளே அழைத்துவரப் பணித்தான் என்கிறார் சேக்கிழார். மறுநாள் அவர்கள் அழைத்துச் சென்றார்கள். பாணர் சந்நிதியில் தரையில் அமர்ந்து வாசித்தார். அப்போது வானில் ஒரு குரல் எழுந்தது: தரையின் ஈரம் தாக்கினால் யாழ் நரம்பின் இறுக்கம் தளர்ந்துபோகும்; ஆகவே அவருக்குப் பொற்பலகை இடுங்கள் என்று. சுற்றி நின்றவர்கள் வாசிப்பவரின் குலத்தை எண்ணினார்கள் போலும். அக்குரல் எண்ணியது நரம்பின் நலத்தை. அடுத்துத் திருவாரூர். அங்கும் பாணர் வாயிலில் நின்றே பாடினார். அவர் புகுவதற்கென வடதிசையில் வேறொரு வாயில் உண்டாயிற்று என்கிறது புராணம்.

மாணவர்களே, வரலாறு கற்பவர் இவ்விடத்தில் நின்று எண்ண வேண்டும். கனவையும் வானொலியையும் ஆராய நம்மிடம் கருவி இல்லை. அவை நம்பிக்கையின் பாற்படும். ஆனால் ஆசிரியர் எதை அதிசயமாகச் சொல்கிறார், எதைச் சொல்லாமலே எல்லாரும் அறிந்ததாகக் கொள்கிறார் என்று பிரித்துப் பார்க்கலாம். கதவு திறந்ததைச் சேக்கிழார் அதிசயமாகச் சொல்கிறார். கதவு மூடியிருந்ததற்கு அவர் விளக்கம் கூறவில்லை. அவர் காலத்து மக்களுக்கு அதை விளக்கத் தேவை இருந்ததில்லை. அதிசயம் கதையாக இருக்கலாம். மூடிய கதவு வரலாறே. இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. வைணவ மரபிலும் பாணர் குலத்து ஆழ்வார் ஒருவர் இருக்கிறார். திருப்பாணாழ்வார் திருவரங்கத்தில் காவிரிக்கரையில் நின்றே பாடியவர். பின்னர் உலோகசாரங்க முனிவர் அவரைத் தம் தோளில் சுமந்து உள்ளே கொண்டு சென்றார் என்பது அம்மரபின் வரலாறு. வேறு வேறான இரண்டு சமய மரபுகளும் ஒரே குலத்துக் கலைஞர் வெளியே நின்றதையும், தெய்வத்தின் ஆணையால் உள்ளே வந்ததையும் நினைவில் வைத்திருக்கின்றன. சங்க காலத்தில் வேந்தர் அவையில் பொற்பூப் பெற்ற குலத்தார், சில நூற்றாண்டுகளுக்குள் கோயில் வாயிலுக்கு வெளியே நிற்கும்படி ஆயிற்று. எவ்வளவு பெரிய வீழ்ச்சி இது!

திருவாரூரிலிருந்து பின்னர் அவர்கள் சீகாழிக்கு வந்தார்கள். அங்கே ஒரு சிறுவர் ஞானப்பாடல்கள் பாடுகிறார் என்னும் செய்தி அவர்களை ஈர்த்தது. அச்சிறுவரே திருஞானசம்பந்தர். அவருக்கு அப்பொழுது பூணூற் சடங்குகூட நிகழவில்லை. வந்தவரைச் சம்பந்தர் "ஐயர்" என்று விளித்து வரவேற்றார். மறையவர் குலத்துப் பிள்ளை, பாணர் குலத்து முதியவரை அழைத்த சொல் அது. அவர்களைத் தோணியப்பர் கோயிலுக்கு அழைத்துச் சென்று, புறமுன்றிலில் நிறுத்தி வாசிக்கச் சொன்னார்.

அந்தக் கச்சேரியைச் சேக்கிழார் இசையறிந்தவராய் விவரிக்கிறார். பாணர் முதலில் நிலைகளைத் தேர்ந்து யாழைச் சுருதி கூட்டினார். படிப்படியாக இசையை ஆராய்ந்தார். அதன்பின் பாடினியார் உடன்பாட வாசித்தார். யாழின் ஒலியும் இருவர் குரலும் மூன்றென்று தோன்றாமல் ஒன்றாயின. பறந்துகொண்டிருந்த பறவைகள் சிறகு தாழ்த்தி நின்றன என்கிறார் கவிஞர். பறவைகளை விடுங்கள். அந்த முன்றிலில் அன்று அரியணை இல்லை. பரிசிலுக்கான பொற்பூ இல்லை. பாடியவர் ஒரு கணவரும் மனைவியாரும். அவர்களைப் பாடச்சொல்லி உடன்நின்றவர் ஒரு சிறுவர். வேந்தரின் கொடையை நம்பி வாழ்ந்த குலத்துக்கு, கொடை கேளாமல் வாசித்த அந்தப் பொழுதே புதியதொரு வாழ்வைத் தந்தது. சம்பந்தர் பாடும் பதிகங்களை யாழில் இட்டு வாசித்து உடன்வரும் பேற்றை அவர்கள் வேண்டினர்; சம்பந்தர் இசைந்தார். அன்றுமுதல் இறுதி நாள் வரை அவர்கள் பிரிந்ததில்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா? சீகாழியிலும் அவர்கள் வாசித்தது புறமுன்றிலில்தான். அன்பு உள்ளவர்க்கும் உலக வழக்கம் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. அது மாறிய இடம் ஒரு கோயில் அன்று, ஒரு வீடு.

திருமருகலை அடுத்துச் சாத்தமங்கை என்னும் ஊர் உண்டு. இன்று அதைச் சீயாத்தமங்கை என்பர். அங்கே வாழ்ந்தவர் திருநீலநக்கர் என்னும் மறையவர். அவர் வீட்டில் முன்பு ஒரு நிகழ்ச்சி நடந்திருந்தது. கோயிலில் அவர் பூசை செய்தபோது இறைவன் திருமேனிமேல் சிலந்தி ஒன்று விழுந்தது. அருகிருந்த மனைவியார், குழந்தையின் மேல் விழுந்தால் தாய் என்ன செய்வாளோ அதைச் செய்தார். பதறி வாயால் ஊதி அதைத் தள்ளினார். எச்சில் பட்டுவிட்டது என்று கணவர் சினந்து, மனைவியைத் துறந்தேன் என்று கூறிவிட்டு வீடு சென்றார். மனைவியார் கோயிலிலேயே தங்கினார். அன்றிரவு கனவில் இறைவன், ஊதிய இடம் தவிர மற்ற இடமெல்லாம் கொப்புளித்த தன் மேனியைக் காட்டினான். நீலநக்கர் விழித்தெழுந்தார்; விடிந்ததும் சென்று மனைவியாரை அழைத்து வந்தார். தூய்மை எது, அன்பு எது என்னும் பாடத்தை அவ்வீடு ஒரு முறை கண்ணீரோடு கற்றிருந்தது.

அவ்வீட்டுக்குத்தான் சம்பந்தர் தம் அடியாரோடு விருந்தினராக வந்தார். விருந்து முடிந்தது, இரவு வந்தது. சம்பந்தர் நீலநக்கரை அழைத்து, பெரும்பாணர் இன்றிரவு தங்குவதற்கு ஓரிடம் கொடுங்கள் என்றார். சிறிய வேண்டுகோள்தான். ஆனால் அக்காலத்தில் ஒரு மறையவர் இல்லத்தில் அதற்கு விடை காண்பது எளிதன்று. திண்ணை இருந்திருக்கும், தோட்டம் இருந்திருக்கும், அவற்றைக் கொடுத்திருந்தாலும் யாரும் குறை கூறியிரார். நீலநக்கரோ மகிழ்ச்சியோடு, வீட்டின் நடுவே, நாள்தோறும் அழல் வளர்க்கும் வேதியின் அருகே இடம் கொடுத்தார். அத்தீ முன்னிலும் ஓங்கி வலமாகச் சுழன்று ஒளிர்ந்தது. யாழ்ப்பாணர் தம் பாடினியாருடன் அங்கே துயின்றார் என்று கூறிச் சேக்கிழார் மேலே செல்கிறார்.

இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். அன்றிரவு அவர்கள் பாடியதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. துயின்றார்கள் என்றே சொல்கிறார். வாழ்நாளெல்லாம் வாயிலில் நின்று பாடிய இருவர்க்கு, ஒரு வீட்டின் நடுவே அச்சமின்றி உறங்கக் கிடைத்த ஓர் இரவைவிடப் பெரிய பரிசில் வேறு என்ன இருக்க முடியும்? மதுரையில் கதவைத் திறக்கக் கனவு வேண்டியிருந்தது; ஆரூரில் வேறு வாயில் வேண்டியிருந்தது. சாத்தமங்கையில் மனிதர் ஒருவர் கேட்டார். மனிதர் ஒருவர் கொடுத்தார். அவ்வளவே. நீலநக்கரின் மனைவியார் அப்பொழுது என்ன நினைத்திருப்பார் என்று நூல் கூறவில்லை. நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கலைஞர் வாழ்வில் பெருமை மட்டும் இல்லை, சோதனையும் உண்டு. காரைக்காலுக்கு அருகேயுள்ள தருமபுரம் பாணருடைய தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த உறவினர் தம் குலத்துப் பிள்ளையைக் கண்ட பெருமிதத்தில், நீர் யாழில் இட்டு வாசிப்பதால்தான் சம்பந்தரின் பதிகங்கள் உலகெங்கும் பரவுகின்றன என்று புகழ்ந்தார்கள். உறவினர் புகழ்ச்சி எக்காலத்தும் அப்படித்தான். பாணர் அஞ்சி நடுங்கினார். யாழில் அடங்காத ஒரு பாடலைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடம் தாமே வேண்டினார். சம்பந்தர் பாடினார். பாணர் வாசிக்க முயன்றார். இசை நரம்புகளுக்குள் அகப்படவில்லை. தம்மை இந்நிலைக்குக் கொண்டுவந்தது இக்கருவியே என்று யாழை ஓங்கி உடைக்கப் புகுந்தார். சம்பந்தர் தடுத்து யாழை வாங்கிக்கொண்டார். எண்ணத்தால் அளக்க இயலாத ஒன்றை ஒரு கருவிக்குள் அடக்க முடியுமா. யாழுக்கு வந்த அளவு வாசியுங்கள் என்று ஆறுதல் கூறி அதைத் திரும்பவும் அவர் கையில் கொடுத்தார். அப்பதிகத்தின் பண் யாழ்மூரி என்று இன்றும் வழங்குகிறது. தம் கருவியின் எல்லையை ஊரார்முன் தாமே மெய்ப்பித்துக் காட்டத் துணிந்த கலைஞரையும், தோற்ற கலைஞரின் கையில் கருவியை மீண்டும் கொடுத்த நண்பரையும் இங்கே காண்கிறோம். மாணவர்களே, தேர்வில் தோற்ற நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த அளவு வாசிப்பதும் வாசிப்பே.

கொள்ளிடத்தை அடுத்த நல்லூர்ப் பெருமணத்தில், இன்றைய ஆச்சாள்புரத்தில், சம்பந்தர் திருமணம் நிகழ்ந்தது. சடங்குகளை நடத்தியவர் அதே நீலநக்கர். அன்று தோன்றிய சோதியில் சம்பந்தரோடு சுற்றத்தாரும் அடியாரும் தத்தம் துணைவியரோடு கலந்தனர். அவர்களுள் பாணரும் பாடினியாரும் இருந்தனர் என்பது மரபு.

அதன்பின் யாழ் என்ன ஆயிற்று? காலப்போக்கில் அது நம் நாட்டிலிருந்து மறைந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் முதலாம் இராசராசன் (985–1014) அமர்த்தினான் என்று அக்கோயில் கல்வெட்டுக் கூறுகிறது. அந்த ஐம்பதின்மரில் யாழ் வாசிப்பவர் இல்லை. பிற்காலத்தில் யாழின் வடிவமே தெரியாமற்போயிற்று. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947 சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

யாழ் மறைந்தது, பண் மறையவில்லை. அது எப்படி? உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் இதற்கு ஒரு விடை கூறுகிறது. நம்பியாண்டார் நம்பி தில்லையில் தேவார ஏடுகளைக் கண்டெடுத்தபோது பாடல்கள் கிடைத்தன. பண் முறை கிடைக்கவில்லை. எங்கே தேடுவது? எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டார்கள். அவளைத் தில்லைக்கு அழைத்து வந்து, அவள் வாயிலாகப் பதிகங்களுக்குப் பண் அமைத்தார்கள். ஏடு மறையவர் காவலில் பூட்டிக் கிடந்தது. இசை பாணர் குலத்துப் பெண்ணின் தொண்டையில் வாழ்ந்தது. இரண்டும் சேர்ந்த பின்னரே தேவாரம் தேவாரம் ஆயிற்று.

இப்பொழுது அந்த மாணவிக்கு விடை சொல்கிறேன். அறுபத்துமூவர் வரிசை சுந்தரர் பாடிய தொகையின் வழி வந்தது. அதில் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என்னும் மூன்று பெண்மணிகளே உள்ளனர். மதங்கசூளாமணியார் இல்லை, சிலந்தியை ஊதிய அம்மையாரும் இல்லை. அது பட்டியலின் குறை. ஆனால் அதே வரிசையை விரித்து எழுதிய சேக்கிழார், சீகாழி முன்றிலில் அவரைப் பாட வைத்தார். சாத்தமங்கையில் வேதியின் அருகே அவருக்கும் இடம் கொடுத்தார். பட்டியலில் இல்லாதவர் வரலாற்றில் இல்லாதவர் ஆகமாட்டார். பட்டியலோடு நின்றுவிடாமல் கதைக்குள் புகுந்து, யார் யார் உடன் நின்றனர் என்று பார்ப்பதே வரலாறு படிக்கும் முறை. உன் கேள்வி, மகளே, என் பாடத்தைவிடச் சிறந்தது.

முடிக்குமுன் மதுரைக் கோயில் வாயிலுக்கு ஒருமுறை திரும்பிச் செல்வோம். 1939 சூலை 8-ஆம் நாள், மதுரை அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். அதுவரை அவர்கள் பிறப்பைக் காட்டி வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்கள். அவ்வாண்டிலேயே அதற்குத் துணையாகச் சட்டமும் வந்தது. யாழ்ப்பாணர் நின்ற வாயிலில் சுமார் 1,300 ஆண்டுகளுக்குப் பின்னும் மனிதர்கள் நிற்க வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று. ஒரு யாழும் இரண்டு குரலும் ஒரு வீட்டின் கதவைத் திறந்தன. நாட்டின் கதவைத் திறக்க நீண்ட காலமும் பலர் உழைப்பும் வேண்டியிருந்தன.

நீங்கள் எப்போதாவது எருக்கத்தம்புலியூர் வழியே செல்ல நேர்ந்தால் சற்று இறங்கி நில்லுங்கள். ஊருக்குத் திரும்பியபின், உங்கள் தெருவில் பாடி வருபவர் எவரேனும் இருந்தால், அவர் எங்கே நின்று பாடுகிறார் என்று பாருங்கள். வாயிலிலா, திண்ணையிலா, கூடத்திலா என்பதைக் கொண்டு அவருடைய இசையை அளக்க முடியாது, நம்மை அளக்கலாம்.